குட்டி மடிக்கணினிக்குப் புது டிஸ்க்: வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

[காலை 8:05] நான்: சின்ன மாமா, இருக்கிறீர்களா? மடிக்கணினி மறுபடியும் பாதி ஆட்டத்தில் உறைந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே பல்லி கத்துவது போல டிக் டிக் என்கிறது. 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடட்டுமா?

[8:09] சின்ன மாமா: பொறு மருமகனே. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் நிரலை ஓடவிட்டு, 05 (கெட்டதால் மாற்றிவைத்த இடங்கள்), சி5 (படிக்கத் திணறும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளையும் படம் பிடித்து அனுப்பு.

[8:21] நான்: 📷 05-இல் பூஜ்யம். சி5-இல் 18. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது.

[8:24] சின்ன மாமா: அந்த 18 பதினாறின் அடிப்படையில் எழுதிய எண். நம் கணக்கில் 24. அதாவது 24 இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் திணறிக்கொண்டிருக்கிறது. இனி அதில் ஒரு நிமிடம்கூட விளையாடாதே. முதலில் முக்கியமானவற்றை வெளியே எடு.

[8:25] அம்மா: முக்கியமானது என்றால்? என் படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

[8:26] அக்கா: என் ஆய்வேடும் அதில்தான் இருக்கிறது. தம்பி, விளையாட்டுகளைக் கடைசியில் எடு. சொல்லிவிட்டேன்.

[8:27] நான்: விளையாட்டுகளைத் திரும்பவும் இறக்கிக்கொள்ளலாம் அக்கா. உன் ஆய்வேட்டை யார் எழுதித் தருவார்கள்? அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

[8:40] அப்பா: புதிதாக எதற்கு வாங்க வேண்டும்? அலமாரியில் 4 டிபி கையடக்க டிஸ்க் சும்மா கிடக்கிறது. கூட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்து மாட்டிவிடுங்கள்.

[8:44] சின்ன மாமா: வேண்டாம் அத்தான். இந்த அளவு டிஸ்க்கில் 4 டிபி என்றால் தடிமன் 15 மில்லிமீட்டர் இருக்கும். மடிக்கணினியின் குழியில் 7 அல்லது 9.5-தான் இறங்கும். இன்னொன்று, இப்படிப்பட்ட டிஸ்க்குகள் சிலவற்றில் யூஎஸ்பி முனையை டிஸ்க்கின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். கணினிக்குள் மாட்டுவதற்கான சாட்டா முனையே இருக்காது. கூட்டை உடைத்த பிறகுதான் அது தெரியவரும்.

[8:45] அப்பா: சரி, உடைக்கவில்லை.

[8:46] சின்ன மாமா: ஆனால் அந்த டிஸ்க் இப்போது வேறு விதத்தில் உதவும். படங்களையும் ஆய்வேட்டையும் அதில் ஏற்றுங்கள்.

[10:52] நான்: எல்லாம் ஏறிவிட்டது. நான்கே நான்கு படங்கள்தான் படிக்க முடியாமல் போயின.

[10:53] அம்மா: எந்த நான்கு?

[10:55] நான்: நான் மொட்டை போட்டிருந்த படங்கள் அம்மா. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

[10:56] சித்தி: அவை என் கைபேசியில் இருக்கின்றன. 😊 இதோ அனுப்புகிறேன்.

[11:10] சின்ன மாமா: நல்லது. இப்போது கணினியை அணை, மின்கம்பியைப் பிடுங்கு. அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்று. பிறகு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துச் சொல். பக்கவாட்டில் அளவுகோலை வைத்துத் தடிமனையும் பார்.

[11:38] நான்: அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அதன் ஒரு கால் ஆடுவதால் கையால் பிடித்தபடியே படித்தார். 500 ஜிபி, 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), சாட்டா. தடிமன் ஒன்பதரை. ஒரு தகரச் சட்டத்தில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகுகள். டிஸ்க்கிலிருந்து நாடா மாதிரி ஒரு மெல்லிய கேபிள் கணினியின் தாய்ப்பலகைக்குப் போகிறது.

[11:41] சின்ன மாமா: அந்த நாடாவை இழுத்துவிடாதே. கிழிந்தால் டிஸ்க் கிடைப்பதை விட அது கிடைப்பது கஷ்டம். பலகையில், அட்டை வடிவ டிஸ்க்கைச் செருகும் எம்.2 பொருத்துமிடம் ஏதாவது தெரிகிறதா? 22 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னப் பிளவு.

[11:45] நான்: இல்லை. வைஃபை அட்டை மட்டும்தான் இருக்கிறது. 11.6 அங்குலக் கணினிக்குள் வேறு எதற்கு இடம் இருக்கப்போகிறது?

[11:47] சின்ன மாமா: அப்படியென்றால் பேச்சு முடிந்தது. இருப்பது ஒரே குழி. 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர், சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதும் டிஸ்க். 1 டிபி வாங்கு.

[11:48] நான்: 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் இடம் இரு மடங்கு கிடைக்குமே மாமா? ஒரு விளையாட்டே 100 ஜிபி கேட்கிறது.

[11:56] சின்ன மாமா: கணக்குப் போட்டுப் பார். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றும். வேண்டிய தரவு ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, அதுவே 4 மில்லிநொடிக்கு மேல். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு நூறு தடவை போய் வருவதே பெரிய காரியம். விளையாட்டு ஏறும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகளை. ஒவ்வொரு துளிக்கும் கிணற்றில் வாளியை இறக்கி ஏற்றுகிற கதைதான். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் கிடையாது.

[11:59] சின்ன மாமா: இன்னொன்று. இப்போது வரும் மெல்லிய 2 டிபி டிஸ்க்குகளில் பெரும்பாலும் தடங்களைக் கூரை ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். 40 ஜிபி புதுப்பிப்பு வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

[12:01] நான்: எஸ்எஸ்டி போட்டால் விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) கூடும்?

[12:02] சின்ன மாமா: ஒன்றும் கூடாது. அது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. களம் திறக்கும் வரை காத்திருப்பது குறையும், நடுவில் திக்குவது குறையும். அதற்கு மேல் யாராவது ஆசை காட்டினால் நம்பாதே.

[12:04] அக்கா: இந்தக் கணினி பழசாயிற்றே மாமா. புது எஸ்எஸ்டியின் வேகத்தை அதன் முனை தாங்குமா?

[12:07] சின்ன மாமா: நல்ல கேள்வி. முனை பழைய 3 கிகாபிட் வகையாக இருந்தால் நொடிக்கு 300 எம்பிக்குள் அடங்கிவிடும். புதிய 6 கிகாபிட் வகையென்றால் 550 வரை போகும். டிஸ்க் இரண்டிலும் ஓடும். நீங்கள் உணரப்போகிற வேகம் அந்த எண்ணில் இல்லை, அந்த வாளி இறக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

[12:08] சின்ன மாமா: வாங்கும்போது டிஎல்சியா கியூஎல்சியா என்று மட்டும் பார். டிஎல்சி வாங்கு, அது ஓர் அறைக்கு மூன்று பிட் வைப்பது. கியூஎல்சி ஓர் அறைக்கு நான்கு பிட் திணிப்பது. பெரிய கோப்பை எழுதும்போது பாதி வழியில் மூச்சு வாங்கும்.

[12:10] அப்பா: எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று படித்தேனே?

[12:13] சின்ன மாமா: தேயும் அத்தான். 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிஸ்க்கில் நாளுக்கு 50 ஜிபி எழுதினால் 32 ஆண்டு வரும். அதற்குள் இந்தக் கணினியின் கீல் நான்கு முறை உடைந்திருக்கும். ஆனால் எஸ்எஸ்டி போகும்போது பல்லிச் சத்தமெல்லாம் கொடுக்காது, சொல்லாமல் போய்விடும். அதனால் அக்கா, படங்களின் நகல் அந்த அலமாரி டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

[12:14] அம்மா: அதை நான் பூட்டியே வைத்துவிட்டேன்.

[மாலை 5:30] நான்: வந்துவிட்டது! பழையதை அப்படியே நகலெடுக்கட்டுமா?

[5:33] சின்ன மாமா: திணறுகிற டிஸ்க்கை நகலெடுத்தால் அதன் கெட்ட கோப்புகளும் கூடவே குடியேறும். விண்டோஸைப் புதிதாகவே நிறுவு. ஏற்கெனவே முறையாகச் செயல்படுத்தியதுதான் என்பதால் பலகையைப் பார்த்து உரிமத்தை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும்.

[இரவு 8:12] நான்: 📷 திறந்துவிட்டது மாமா. முன்பு பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

[8:15] அப்பா: படத்தில் 931 ஜிபி என்று காட்டுகிறதே. 1000-க்குத்தானே பணம் கொடுத்தோம்? விற்றவரிடம் கேட்க வேண்டாமா?

[8:17] சின்ன மாமா: யாரும் ஏமாற்றவில்லை அத்தான். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இடம் ஒன்றுதான், படி வேறு.

[8:18] அப்பா: படியை மாற்றி அளந்தால் என் ஊரில் அதற்கு வேறு பெயர்.

[8:31] நான்: மாமா, ஒரு சிக்கல். எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரு திருகு மிஞ்சியிருக்கிறது. மிகச் சின்னது. 📷

[8:32] சின்ன மாமா: சட்டத்தில் நான்கையும் போட்டாயா? அடிமூடியில் எத்தனை?

[8:34] நான்: சட்டத்தில் நான்கு, மூடியில் எட்டு. எல்லாம் சரியாக இருக்கிறது. இது பொன்னிறத்தில் வேறு இருக்கிறது.

[8:35] சின்ன மாமா: இந்த அளவுத் திருகு மடிக்கணினியில் எங்கேயும் கிடையாதே.

[8:41] அம்மா: அதை எறிந்துவிடாதே. உன் அப்பா மூக்குக்கண்ணாடியின் காலைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறார்.