களிக்கு மாறியும் எடை நின்றுபோவது ஏன்?

பாலக்கோட்டான்: சோற்றை விட்டு ராகிக் களிக்கு மாறினால் முதலில் எடை இறங்குகிறது. அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது, பசியும் கூடுகிறது. களியில் குறையா, உடம்பில் குறையா?

ஓசூர்_பார்மசி: ரெண்டிலும் இல்லைங்க. கொழுப்பணுக்கள் லெப்டின் சுரக்கும் (கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்). கொழுப்பு கரைந்தால் லெப்டின் சரியும். மூளையின் ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கிளப்பும். இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலினும் ஏறும். இளைத்த உடம்புக்கு ஓய்விலும் நடையிலும் கலோரிச் செலவு குறைவு. முதலில் எடையை இறக்கிய அதே அளவு சாப்பாடு இப்போது செலவுக்குச் சரிக்குச் சரி, அதனால்தான் எடை நிற்கிறது. முதல் வாரம் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர், அதை நம்பக் கூடாது.

பென்னாகரம்: கணக்கையும் பாருங்க. 100 கிராம் ராகி மாவும் 100 கிராம் அரிசியும் கலோரியில் பக்கத்துப் பக்கம், 320–350. லாபம் நார்ச்சத்தில்: ராகியில் சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3-க்கும் கீழே. உருண்டையைக் கண்ணளவில் பிடித்தால் போச்சு. மாவைத் தராசில் போடுங்க, வேளைக்கு 60–70 கிராம். தொட்டுக்கொள்ளக் கெட்டியான கொள்ளுக் கடைசலும் கீரையும். புரதம் இல்லாத வெறும் களி சீக்கிரம் பசிக்கும். தாளிக்கும் எண்ணெயை மறக்காதீங்க, ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி.

பாலக்கோட்டான்: கூழாகக் கரைத்தால்?

பென்னாகரம்: குடிக்கிறது மென்று தின்கிற அளவுக்கு வயிற்றில் நிற்காது. களியே மேல்.

ஓசூர்_பார்மசி: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே சாப்பாட்டு அளவைக் குறைக்கவும். சர்க்கரை தாழ்ந்துவிடும்.