தீப்பெட்டி டெரியோசை உயர்த்துவதா, விற்பதா?

வாவிக்கரை:

போன மாதம் ஒரு டைஹட்சு டெரியோஸ் வாங்கினேன். 1999ஆம் ஆண்டு வண்டி, 1.3 லீற்றர், மனுவல் கியர். "தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து நாலு சில்லு பூட்டின மாதிரி இருக்கு" என்று மனைவி சொன்னாள். பிழையில்லை, அப்படித்தான் இருக்கிறது. அகலம் ஒன்றரை மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் நாலு சில்லும் எப்போதும் இழுக்கும், டாஷ்போர்டில் நடு டிஃப் லொக் (முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்துக் கட்டும் பூட்டு) பட்டனும் இருக்கிறது.

யோசித்து வைத்திருப்பது: 2 இஞ்சி உயர்த்துவது, 215/75ஆர்15 ரயர், ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்), காசு மிஞ்சினால் முன்னால் ஒரு வின்ச் (புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் சுருள் மிசின்). போக நினைக்கும் இடங்கள் மட்டக்களப்பில் கிரானுக்கு அப்பால் குடும்பிமலைப் பக்கம், வாகரைக் கடற்கரை, ஆடியில் பொத்துவில் வழியாக உகந்தை முருகன் கோவில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டிபென்டர் பிரியன்:

தம்பி, விற்றுவிடுங்கள். பகிடி இல்லை. அந்த வண்டியில் லோ கியர் இல்லை. சுசுக்கி ஜிம்னியில் லோவில் போட்டால் இழுவை ஏறக்குறைய 2 மடங்காகும், கல்லு மேட்டில் கால் வைத்துப் பார்த்து ஏறுவது போல ஏறும். டெரியோசில் அதே மேட்டுக்கு வேகம் எடுத்து மோத வேண்டும், இல்லாவிட்டால் கிளச்சை வறுக்க வேண்டும். தனிச் சசியும் (அடிச்சட்டமும்) கிடையாது, உடம்புதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதற்கு வின்ச் வேறு!

வாவிக்கரை:

அண்ணன், 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அதற்கிடையில் ஜிம்னி ஏறின விலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காசுக்கு நான் படுவான்கரையில் வயல் வாங்குவேன். இருக்கிற வண்டியை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

சம்மாந்துறை ஸ்பானர்:

கேள்வி அதுதான். நான் கராஜ்காரன், ஏழெட்டு டெரியோஸ் கைக்குள் வந்து போயிருக்கிறது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். எடை ஒரு டன் அளவுதான், அதுதான் அதன் பெரிய பலம். டிபென்டர் புதையும் மணலில் இது மேலால் ஓடும். பின்னால் முழு அச்சு, சுருள் ஸ்பிரிங், அதுவும் நல்லது.

ஆனால் தம்பி போட்ட பட்டியல் தலைகீழ். 2 இஞ்சி உயர்த்தினால் என்ன நடக்கும்? முன்னால் சீவி ஜொயின்ற் (சில்லுக்கு இழுவை கொண்டுபோகும் மூட்டு) எந்நேரமும் சரிந்த கோணத்தில் சுழலும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், மணல் புகும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டக் டக் என்று அடிக்கும். பின்னால் அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் லற்றரல் ரொட் சரியும். சரிந்தால் அச்சு முழுவதும் அந்த ரொட்டை உடம்பில் பூட்டிய பக்கத்துக்கு இழுபடும். சில மில்லிமீற்றர்தான், ஆனால் பின்னுக்கு நின்று பார்த்தால் ஒரு ரயர் மட்கார்டுக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் நிற்கும். பழைய சொக் அப்சோபரை மாற்றாமல் உயர ஸ்பிரிங் மட்டும் போட்டால் சொக் முழுதாக நீண்டு நிற்கும், பள்ளத்தில் சில்லு கீழே இறங்காது. பிறேக் ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்கனவே உயரமான, ஒல்லியான வண்டி. அதை இன்னும் தூக்கி மேலே கரியரும் ஜெரிக்கானும் கட்டினால் வளைவில் உங்கள் வயிறுதான் முதலில் சொல்லும்.

அக்கரைப்பற்று வாசி:

ஸ்பானர் காக்கா சொல்கிற எல்லாம் சரி, ஆனால் நான் உயர்த்தினேன், மூன்று வருடமாக ஓடுகிறேன். அதையும் கேளுங்கள்.

வயல் பாதையில் உழவு மிசின் போட்ட தடம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? இரண்டு பக்கமும் ஆழம், நடுவில் வரம்பு மாதிரி மேடு. டெரியோஸ் ஒல்லி என்பதால் இரண்டு தடத்திலும் சில்லு இறங்காது. ஒன்று பள்ளத்தில், மற்றது மேட்டில். வண்டி சாய்ந்து, வயிறு அந்த நடு மேட்டில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு எந்த ரயர் போட்டிருந்தும் பலனில்லை, சில்லு காற்றில்தான் சுற்றும். எனக்கு அப்படி மூன்று தரம் நடந்தது. உயர்த்திய பிறகு ஒரு தரம்கூட இல்லை.

செலவு? சீவி ஜொயின்ற் இரண்டு போயிற்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிற்றில் அடிபட்டு எண்ணெய்ச் சட்டி உடைந்தால் அதைவிடச் செலவு.

சம்மாந்துறை ஸ்பானர்:

உண்மையைச் சொன்னதற்கு நன்றி வாப்பா. மூன்று வருடத்தில் இரண்டு ஜொயின்ற் என்பதை மற்றவர்களும் குறித்துக்கொள்ளட்டும். நடு மேட்டுக் கதை நியாயம். அதற்கு நான் சொல்வது 30 மில்லிமீற்றர், 50 இல்லை. கூடவே எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு. உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

கணக்குப்பிள்ளை:

ரயரைப் பற்றி ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. டெரியோசின் அசல் ரயர் 205/70ஆர்15, விட்டம் 668 மில்லிமீற்றர். 215/75ஆர்15 என்றால் 703 அல்லது 704. வித்தியாசத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 18 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக ஒரு சுற்றில் வண்டி 5 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும், அந்த அளவு முதல் கியர் பலவீனமாகும். லோ கியர் இல்லை என்று டிபென்டர் அண்ணன் அழுகிறார், நீங்களோ இருக்கிற முதல் கியரையும் கெடுக்கப் பார்க்கிறீர்கள். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 63 போவீர்கள், அது வேறு.

195/80ஆர்15 பாருங்கள். பழைய எஸ்கியூடோ ரயர், விட்டம் 693. உயரம் 12 மில்லிமீற்றர் கிடைக்கும், கியர் இழப்பு 4 சதவீதத்துக்குள். ஒல்லியும்கூட, முதல் எண்தான் மில்லிமீற்றரில் அகலம்.

இன்னொன்று. டெரியோசின் அசல் ரயரும் பழைய 1.3 ஜிம்னியின் ரயரும் ஒரே அளவு. ஆனால் ஜிம்னியின் ரிம்மை வாங்கிவிடாதீர்கள், போல்ட் வட்டம் வேறு. அதற்கு 139.7, டெரியோசுக்கு 114.3.

உன்னிச்சை விவசாயி:

ஒல்லி ரயர் என்றதும் எனக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வயல் களிமண். மேலே அரை அடி கூழ், கீழே இறுகின தரை. அகல ரயர் அந்தக் கூழின் மேல் மிதந்து வழுக்கும். ஒல்லி ரயர் வெட்டிக்கொண்டு கீழே போய் இறுகின தரையைப் பிடிக்கும். லேண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மிசினுக்கு) இரும்புச் சில்லு பூட்டுகிறோமே, அதே சங்கதி. கடற்கரைக்கு மட்டும் இது எதிர்மாறு.

மாரியில் வயலுக்கு நான் எந்தக் காரும் கொண்டுபோவதில்லை. உழவு மிசின்தான்.

டிபென்டர் பிரியன்:

சரி, ரயரை விடுங்கள். நடு லொக்கை நம்பி இருக்கிறார் தம்பி. அந்த லொக் முன் அச்சையும் பின் அச்சையும்தான் கட்டும். ஒரே அச்சின் இடதையும் வலதையும் அல்ல. முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் தூக்கினால் அந்த இரண்டும் காற்றாடி மாதிரிச் சுற்றும், வண்டி அசையாது. குடும்பிமலைப் பக்கம் மழை அறுத்த கிரவல் பாதை முழுக்க அப்படித்தான்.

சம்மாந்துறை ஸ்பானர்:

அது சரி. அந்த இடத்தில் பிறேக்கை லேசாக மிதித்துக்கொண்டு அக்சிலேற்றர் கொடுத்தால் சுற்றுகிற சில்லு கொஞ்சம் அடங்கி மற்றதுக்கு இழுவை போகும். எப்போதும் வேலை செய்யாது, சில நேரம் காப்பாற்றும். வின்ச்சை விடுங்கள். முன்பக்கம் அவ்வளவு பாரம் தொங்கினால் இருக்கிற ஸ்பிரிங்கும் உட்காரும். இழுத்தெடுக்க ஒரு நல்ல பட்டிக் கயிறும், சரியாக வெல்ட் பண்ணின கொக்கி முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றும் போதும்.

வாவிக்கரை:

ஸ்நோர்க்கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. நவம்பரில் கிரான் புலிபாய்ந்தகல் றோட்டில் தண்ணீர் ஏறினால் தேவைப்படாதா?

உன்னிச்சை விவசாயி:

தேவைப்படாது. ஏனென்றால் நீங்கள் போக மாட்டீர்கள். அந்த றோட்டில் தண்ணீர் ஏறினால் தோணியும் உழவு மிசினும்தான். உழவு மிசினும் பயம் இல்லாமல் அல்ல. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் பிள்ளைகளோடு போன மிசினை வெள்ளம் பெட்டியோடு புரட்டியதை மறந்துவிட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:

இதற்கும் கணக்கு இருக்கிறது. டெரியோஸ் நிற்கும் பரப்பு ஏறக்குறைய 3.8 மீற்றருக்கு 1.5 மீற்றர். வண்டியின் அடித்தளத்துக்கு மேலே தண்ணீர் 10 சென்ரிமீற்றர் ஏறினால் அது வண்டியை மேல்நோக்கித் தள்ளும் அளவு அரை டன்னுக்கு மேல். பொனெற் பக்கத்தில் நீர் உள்ளே புகும், அதைக் கழித்தாலும் ஒரு டன் வண்டியின் ரயர் தரையைப் பிடிக்கிற பிடியில் பெரும் பங்கு போய்விடும். பிறகு பக்கவாட்டில் ஓடுகிற தண்ணீர்தான் ஸ்டியரிங். காக்கா சொன்ன அந்த எடை குறைந்த பலம் மணலில் மட்டும்தான்.

சம்மாந்துறை ஸ்பானர்:

அடி வாங்கிவிட்டேன். சரியான அடி.

ஸ்நோர்க்கலை விட 500 ரூபாய் ரப்பர் குழாய் முக்கியம். சூடாக இருக்கிற டிஃப் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) குளிர் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி பிறீதர் (அதன் காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். போன மாரியில் ஒரு வண்டி வந்தது, பின் டிஃபில் சத்தம் என்று. வடிகால் ஆணியைக் கழற்றினேன். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது, ஆடைகூட இருந்தது. உரிமையாளர் ஒரு சின்ன ஓடையைத்தான் தாண்டினாராம். பிறீதரில் குழாய் மாட்டி மேலே கொண்டுபோனால் அந்தப் பிரச்சினை இல்லை.

பாணமை றோட்டு:

நான் பொத்துவில் பக்கம் சபாரி ஜீப் ஓட்டுகிறேன். உகந்தை வரை உங்கள் டெரியோஸ் மாற்றம் எதுவும் செய்யாமலே காய்ந்த காலத்தில் வரும். உகந்தைக்கு அப்பால் குமண தேசிய வனம். அங்கே பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்கக்கூடாது, அது சட்டம். ஓஃப் றோட் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இதை விளையாட்டு மைதானம் என்று நினைக்கிறார்கள். கூரையில் எல்ஈடி விளக்குப் பட்டி போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பொழுதுபட்டால் பாதை யானைக்கு. அதன் கண்ணில் அடித்துவிட்டுப் பிறகு ரிவர்சில் ஓட லோ கியர் தேவையில்லை, அதிர்ஷ்டம்தான் தேவை.

மணலுக்கு ஒன்றே ஒன்று: காற்றை இறக்குங்கள். 16 அல்லது 18 பி.எஸ்.ஐ. வெளியே வந்ததும் திரும்ப அடியுங்கள்.

வாவிக்கரை (மூன்று கிழமைக்குப் பிறகு):

195/80 ரயர் போட்டேன், பிறீதர் குழாய், கீழே தகடு, இரண்டு கொக்கி. உயர்த்தவில்லை, ஸ்நோர்க்கல் இல்லை. ஞாயிறு வாகரைக்குப் போனேன்.

ஒல்லி ரயர் மணலுக்குச் சரிவராது என்று விவசாயி அண்ணன் சாடையாகச் சொன்னாரே, சொன்னபடியே புதைந்தேன். காற்றை 25இல் விட்டிருந்தேன், ரயர் புதிது என்ற பயம். சில்லு அரைவாசி மணலுக்குள், தகடு மணலில் படுத்துவிட்டது. கொஞ்சத் தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையைக் கரையேற்றும் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு பெரியவர் ரயரை விரலால் தட்டிப் பார்த்து, "இது சைக்கிள் மாதிரி இறுகிக் கிடக்குது மனே, காத்த விடு" என்றார். 16க்கு இறக்கி, சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் வழித்து, இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தேன். அவர்கள் தள்ளவே தேவைப்படவில்லை. தள்ள வந்ததற்காக ஒரு கிலோ சூரை மீன் வாங்கினேன், அது வேறு செலவு.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கம் முழுவதும் நல்ல தண்ணீரில் கழுவினேன். தனிச் சசி இல்லாத வண்டிக்கு உப்புதான் யமன்.

அக்கரைப்பற்று வாசி:

மணலில் வயிறு படுத்தது என்கிறீர்களே? 30 மில்லிமீற்றர் உயர்த்தியிருந்தால் படுத்திருக்காது.

கணக்குப்பிள்ளை:

25 பி.எஸ்.ஐயில் இன்னும் 30 மில்லிமீற்றர் ஆழமாகத் தோண்டிவிட்டுப் படுத்திருக்கும்.

டிபென்டர் பிரியன்:

நான் இன்னும் விற்கத்தான் சொல்வேன். ஆனால் அடுத்த பௌர்ணமி விடுமுறைக்குக் குடும்பிமலைப் பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள். நானும் வருகிறேன், பட்டிக் கயிறு என்னிடம் இருக்கிறது. காலையில் வெளிக்கிட்டு நாலு மணிக்குள் கிரானுக்குத் திரும்ப வேண்டும்.

வாவிக்கரை:

வாங்க அண்ணன். கயிறு யாருக்குத் தேவைப்படும் என்று பார்ப்போம்.