பாலி: அப்பா அம்மா, ஆறு வயசுப் பொண்ணோட போறோம். செமின்யாக்கா, நூசா துவாவா, சானூரா?

கோவை_கார்த்தி

வணக்கமுங்க. அரையாண்டு லீவுல, டிசம்பர் கடைசியில பாலி போறோம். அப்பா, அம்மா, மனைவி, நான், ஆறு வயசுப் பொண்ணு. டிக்கெட் போட்டாச்சு, எந்த ஏரியாவுல தங்கறதுன்னுதான் முடிவாகல. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அப்பா காலைல ஒரு மணி நேரம் நடக்கலைன்னா அன்னிக்குப் பூரா யார்கூடயும் பேசமாட்டார். ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. பொண்ணு கேக்கறது ஒண்ணே ஒண்ணு: கடல்ல இறங்கணும்.

கையில மூணு இருக்கு. செமின்யாக்ல தனி நீச்சல் குளத்தோட வில்லா, போட்டோ அள்ளுது, விலையும் பரவால்ல. நூசா துவாவுல பெரிய ரிசார்ட், விலை கையக் கடிக்குது. மூணாவது சானூர். "அங்க வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிங்கதான் இருப்பாங்க, தூங்கறதுக்கா பாலி போறீங்க"ன்னு ஆபீஸ்ல சிரிக்கறாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

சுந்தர்_பெங்களூர்

யோசிக்காம செமின்யாக் போடுங்க பாஸ். குட்டா, லெகியான், செமின்யாக் பக்கம்தான் இந்தியன் ரெஸ்டாரன்ட் நிறைய. சன்செட் அங்கதான். சானூர்ல ஒன்பது மணிக்கு மேல தெருவுல நாய்தான் நடக்கும்.

கொற்கைக்காரன்

தம்பி கார்த்தி, நான் தூத்துக்குடிக்காரன். நூசா துவா, சானூர் ரெண்டு இடத்துலயும் ஓட்டல் ரிசப்ஷன்ல நின்னவன். ராத்திரி பத்து மணிக்கு "வேற ரூம் குடுங்க"ன்னு வந்து நிக்கிற குடும்பங்களை நிறையப் பாத்தாச்சு. பாதிப் பேருக்குக் கோளாறு ரூம்ல இருக்காது, ஏரியாவுல இருக்கும்.

ஓட்டல் படத்தை மூடி வச்சிட்டு மேப்பைத் திறங்க. கரை எந்தத் திசையைப் பாத்துக் கெடக்குன்னு பாருங்க. குட்டா, லெகியான், செமின்யாக், சாங்கு எல்லாம் மேக்கு பாத்த கரை. சானூரும் நூசா துவாவும் கிழக்கு. பாலியில டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அடிக்கிறது மேக்கத்திக் காத்து, எங்க ஊருப் பேச்சுல கச்சான். மழைக்காலமும் அதுதான். ஆறு அடிச்சிட்டு வர்ற பிளாஸ்டிக், மூங்கில், மரக்கட்டை எல்லாத்தையும் அந்தக் காத்து கொண்டாந்து மேக்குக் கரையில தள்ளும். குட்டாவுல காலையில டிராக்டர் விட்டு அள்ளுவாங்க, மறுநாளும் அள்ளுவாங்க. நீங்க பாத்த செமின்யாக் படம் ஜூலை, ஆகஸ்ட்ல எடுத்ததா இருக்கும். அப்போ அந்தக் கரை அழகுதான், நான் இல்லைங்கல.

அலையும் அப்படித்தான். மேக்குப் பக்கம் அலை நேரா வந்து மணல்ல உடையும். சர்ஃபிங் பழக வர்றவங்களுக்கு அது வேணும், ஆறு வயசுப் பிள்ளைக்கு வேண்டாம். உள்ளிழுப்பும் உண்டு, அங்கங்க சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க. சானூர்ல பவளப்பாறை தள்ளி வெளியே கெடக்கு, அலை அங்கயே உடைஞ்சிரும். இந்தப் பக்கம் தண்ணி குளம் மாதிரி நிக்கும்.

இப்போ சானூரோட குறையையும் கேட்டுக்கோங்க, ஏஜென்ட் சொல்ல மாட்டான். கடல் வத்துற நேரத்துல தண்ணி பாறை வரைக்கும் போயிரும். பாசியும் கல்லும் கணுக்கால் தண்ணியுமா கெடக்கும், நீந்த முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் தூரம் போகும். ஓட்டல்ல கேட்டா கடல் ஏறுற நேரம் சொல்லுவாங்க, நெட்லயும் இருக்கு. அந்த நேரத்துக்குப் பிள்ளையை இறக்குங்க, மத்த நேரத்துல நண்டு பாக்கட்டும். பாறையில கால் குத்தாம இருக்க ரப்பர் செருப்பு ஒண்ணு வாங்கிருங்க.

அந்த வில்லா. பாலி வில்லாவுல ஹாலுக்கும் குளத்துக்கும் நடுவுல பெரும்பாலும் சுவரே இருக்காது, வேலியும் இருக்காது. காலையில எல்லாரும் எழும்புறதுக்கு முன்னால பிள்ளை எழும்பினா? குளியலறை பாதி திறந்தவெளி, மழைக்காலத்துல கொசு, டெங்கு அங்கயும் உண்டு. நிறைய வில்லா கடற்கரையில இல்லாம உள்ள தள்ளி ஒரு சந்துல இருக்கும். சந்துல நடைபாதை கிடையாது, ஸ்கூட்டர் உரசிட்டுப் போகும். உங்க அப்பா எங்க நடப்பார்?

சானூர்ல கடலை ஒட்டியே சமதளமா நடைபாதை, நாலஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகும். படி கிடையாது, வண்டி கிடையாது, சைக்கிள் மட்டும். விடியக்காலையில போனா சூரியன் கடல்ல இருந்து வரும், மேகம் இல்லாத நாள்ல அகுங் மலை தெரியும். நாலு எட்டுக்கு ஒரு பெஞ்சு, அம்மாவும் கூடப் போகலாம்.

தாத்தா பாட்டி ஊருன்னு சிரிக்கிறாங்கன்னா, உங்க வண்டியிலயும் ரெண்டு தாத்தா பாட்டி இருக்காங்கல்ல?

ஊர்சுற்றி_தீபா

கொற்கை அண்ணன் சொல்றது சரி, ஆனா நூசா துவாவை அப்படியே தாண்டிப் போயிட்டார். அது 1970களில் உலக வங்கிக் கடன் வாங்கி, ரிசார்ட்டுக்குன்னே திட்டம் போட்டுக் கட்டின இடம். வாசல்ல செக்போஸ்ட், உள்ளே அகலமான ரோடு, மரநிழல், கடலோரம் நடைபாதை. மணல் சானூரைவிட நல்லா இருக்கும். என் பையன்கள் கிட்ஸ் கிளப்பை விட்டு வெளியே வரமாட்டேன்னுட்டாங்க. கையில காசு இருந்து, ஓட்டலை விட்டு நகராம கிடக்கணும்னா அதுதான். ஆனா கேட்டுக்கு வெளியே போய் ஒரு காபி குடிக்கணும்னாலும் கார் கூப்பிடணும். உள்ளேயே சாப்பிட்டா பில்லைப் பாத்து உங்க அப்பா நடைப்பயிற்சிக்குப் பதிலா மயங்கி உட்காருவார்.

தங்கலைன்னாலும் பக்கத்துல பூஜா மண்டலாவைக் காட்டுங்க. பள்ளிவாசல், ரெண்டு தேவாலயம், புத்த விகாரம், இந்துக் கோயில் அஞ்சும் வரிசையா ஒரே வளாகம். என் மாமியார் அதைப் பத்தித்தான் இன்னும் பேசறாங்க.

கோவை_கார்த்தி

ரொம்ப நன்றிங்ணா, தீபாக்கா. வில்லாவை மனைவி இப்பவே வேண்டாம்னுட்டாங்க. அந்த வேலி இல்லாத குளம் ஒண்ணு போதும். சானூர்னா அதுலயும் எந்தப் பக்கம்? சாப்பாட்டுக்கு என்னங்ணா பண்றது? அப்பாவுக்கு சன்செட் ஒரு நாளாவது காட்டணும்.

கொற்கைக்காரன்

வடக்கு மூலை வேண்டாம். நூசா பெனிடா தீவுக்குப் போற படகுத்துறை அங்கதான், காலையில பஸ்ஸும் கூட்டமும் அடைச்சிக்கிடும். நடுவுல சிந்து பக்கம் கடை, சந்தை, சாப்பாடு எல்லாம் நடக்குற தூரம். தெக்க செமவாங், மெர்தசாரி போகப்போக அமைதி. உங்களுக்கு சிந்துவுக்கும் செமவாங்குக்கும் நடுவுல எங்க கிடைச்சாலும் சரி.

சாப்பாட்டுல கறியைவிட தெராசியைப் பாத்துக்கோங்க, இறாலைப் புளிக்க வச்சு அரைச்ச விழுது. சம்பல்ல இருக்கும், காய்கறி வதக்கல்ல இருக்கும், கடோ-கடோன்னு ஒரு காய்கறிக் கலவை, அது மேல ஊத்துற கடலைச் சாறுலயும் சில கடையில போடுவாங்க. தட்டு ஓரத்துல வைக்கிற அப்பளம் மாதிரி இருக்கே, அது அநேகமா இறால் அப்பளம். "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா கறி இல்லாமக் கொண்டாந்து மேல ஒரு முட்டையை வச்சிருவாங்க. "தன்பா தெராசி, தன்பா தெலோர்" — தெராசி இல்லாம, முட்டை இல்லாம — இதை போன்ல எழுதி வச்சுக் காட்டுங்க. தெம்பேயும் (சோயாவைப் புளிக்க வச்ச கட்டி) தாகுவும் (டோஃபுதான்) பயமில்லாமச் சாப்பிடலாம். சானூர்லயும் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், தேர்வுதான் குறைவு. அவிச்ச சோறு எங்கயும் உண்டு, பருப்புப்பொடி, ஊறுகாய் உங்க பையில இருக்கட்டும்.

சன்செட்டுக்கு ஒரு சாயங்காலம் கார் எடுத்து உலுவத்து போங்க, பாறை உச்சியில கோயில், அங்கயே கெசாக் ஆட்டமும் உண்டு. ரெண்டு விஷயம். குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிட்டு ஓடும், அப்பா கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சிரணும். கெசாக் பாக்க உக்கார்ற இடம் படிக்கட்டு. அம்மாவுக்கு அது ஒத்துவராதுன்னா அவங்களை சானூர்லயே விட்டுட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஊர்சுற்றி_தீபா

விசா ஆன் அரைவல் தலைக்கு 5,00,000 ரூபியா. 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்குன்னு தனியா 1,50,000 ரூபியா சுற்றுலா வரியும் உண்டு. ரெண்டும் குழந்தைக்கும் சேர்த்து, ரெண்டையும் ஆன்லைன்ல முன்னாடியே கட்டிடலாம். பெரியவங்களை இமிக்ரேஷன் வரிசையில நிக்க வைக்காதீங்க.

கோவை_கார்த்தி

சானூர்ல ஒரு இடம் பாத்துட்டேன்ங்ணா, நீங்க சொன்ன நடுப் பகுதிலயே. மூணு மாடிதான். தோட்டம் இருக்கு, கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம். புக் பண்ணிடட்டுமா?

கொற்கைக்காரன்

ரோட்டுக்கு அந்தப் பக்கம்னா தூரத்தை மேப்ல அளந்துக்கோங்க. அப்புறம் லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க. 1966ல சானூர்ல பத்து மாடிக்கு ஒரு ஓட்டல் கட்டினாங்க. அதைப் பாத்து ஊரே முகம் சுளிச்சு, பிறகு தென்னை மரத்தைவிட உசரமா, அதாவது 15 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு விதி வந்திருச்சு. அதனால அங்க கட்டடமெல்லாம் தணிவு, பழைய ஓட்டல் நிறையத்துல லிஃப்டே கிடையாது. அம்மாவுக்குத் தரைத்தள ரூம்னு புக் பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதி வாங்கிருங்க. "ரிக்வஸ்ட்"னு போட்டா ரிசப்ஷன்ல நிக்கிறவன் பாத்துட்டு விட்டுருவான், "கன்ஃபர்ம் பண்ணுங்க"ன்னு கேளுங்க.