ஒரே பான் எண்ணை என்கிரிப்ட் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே வெளியீடு: மைஎஸ்க்யூஎல்-லில் இது சரியா?

கணக்குப்பெட்டி:
சீட்டு நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருள். பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், சுமார் 40,000 வாடிக்கையாளர்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் மூன்றும் மைஎஸ்க்யூஎல்-லின் ஏஇஎஸ்_என்கிரிப்ட் ஃபங்ஷன் வழியாகப் போகின்றன. ஒரே பான் இரண்டு வரிசைகளில் இருந்தால், என்கிரிப்ட் ஆன வடிவமும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே வருகிறது. இது ஆபத்தா? ஒவ்வொரு முறையும் வேறாக வரும்படி மாற்றினால் பான் கொடுத்துத் தேடுவது எப்படி? சர்வரின் டிஸ்க் முழுவதும் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகியிருப்பதால் இதெல்லாம் வேண்டாத வேலை என்று ஒரு தரப்பு சொல்கிறது.

பூட்டும்சாவியும்:
டிஸ்க் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது காப்பது, சர்வர் அணைந்திருக்கும்போது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவரிடமிருந்து மட்டும். சர்வர் ஓடும்போது டிஸ்க் திறந்த பூட்டுதான். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனில் (படிவத்தில் கட்டளையைப் புகுத்தும் தாக்குதல்) வருகிறவருக்கும், டம்ப் ஃபைலை (தரவுத்தளத்தின் முழு நகல்) பென்டிரைவில் எடுத்துப் போகிறவருக்கும் எல்லாம் அப்படியே தெரியும்.

ஒரே வெளியீடு வரக் காரணம், அந்த ஃபங்ஷன் இயல்பாக எடுத்துக்கொள்வது 128 பிட் ஈசிபி முறை. ஏஇஎஸ் தரவை 16 பைட் கட்டங்களாக வெட்டும். ஈசிபி ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக மாற்றும். பான் 10 எழுத்து, ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். 2013-இல் அடோபியிலிருந்து வெளியேறிய பாஸ்வேர்டுகள் இப்படித்தான் ஈசிபி-யில் இருந்தன. ஒரே பாஸ்வேர்ட் வைத்தவர்கள் எல்லாரும் ஒரே குழுவாகத் தெரிந்தார்கள். பக்கத்திலேயே நினைவூட்டுக் குறிப்புகள் மறைக்கப்படாமல் கிடந்தன. கீ தெரியாமலேயே குறுக்கெழுத்துப் போட்டிபோல ஊகிக்க முடிந்தது.

இன்னொன்று: கீயை எஸ்க்யூஎல் வரியிலேயே எழுதி அனுப்புகிறீர்கள். ஜெனரல் லாக் இயக்கத்தில் இருந்தால் அதிலும், வரி மெதுவாக ஓடினால் ஸ்லோ லாக்கிலும் அது கீயோடு பதிவாகும்.

எட்டாம்பிட்:
பான் மட்டும் என்றால் ஈசிபி-யால் கசிவது ‘இவையிரண்டும் ஒன்று’ என்பதுதான். எனக்குப் பெரிய கவலை வங்கிக் கணக்கு எண். டேபிளில் எழுதும் அனுமதி உள்ள ஒருவர், தன் வரிசையில் உள்ள என்கிரிப்ட் ஆன கணக்கு எண்ணை அப்படியே நகலெடுத்து, அடுத்த வாரம் சீட்டு எடுக்கப்போகிறவர் வரிசையில் ஒட்டினால் போதும். கீ தேவையில்லை. மென்பொருள் அதை ஒழுங்காகத் திறந்து பணத்தை ஒட்டியவருக்கே அனுப்பும். ஈசிபி-க்கு இது தெரியவே தெரியாது.

ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்ற முறை இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும். மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷனில் ஜிசிஎம் கிடையாது. பிஎச்பி-யில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகம் வழியாகச் செய்யுங்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிதாக 12 பைட் நான்ஸ் (ஒரே ஒரு முறை பயன்படும் எண்), முடிவில் 16 பைட் டேக் (தரவு மாறவில்லை என்று காட்டும் முத்திரை). கூடுதல் தரவு என்ற இடத்தில் வாடிக்கையாளர் எண்ணையும் ஃபீல்டின் பெயரையும் கொடுங்கள். வேறு வரிசையில் ஒட்டினால் டேக் பொருந்தாமல் திறக்க மறுக்கும். அந்த எண் எப்போதும் மாறாததாக இருக்கட்டும். தானாக ஏறும் வரிசை எண்ணைக் கட்டிவிட்டு, பிறகு டேபிளை வேறு சர்வருக்கு மாற்றும்போது எண்கள் மாறினால் ஒன்றும் திறக்காது.

அளவும் பாருங்கள். எந்தக் கீ என்று காட்டும் பதிப்பு எண்ணுக்கு 1 பைட், நான்ஸ் 12, ஆதார் 12, டேக் 16: மொத்தம் 41. பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் முறை) ஆக்கினால் 56 எழுத்து. பழைய ஃபீல்டில் இடம் போதாமல் வால் வெட்டுப்பட்டால் திறக்கவே முடியாது.

பிஎச்பி-யில் இரண்டு பொறிகள். கீ நீளம் கூடினாலும் குறைந்தாலும் அது சத்தமில்லாமல் வெட்டும் அல்லது சுழியால் நிரப்பும். 64 எழுத்து ஹெக்ஸ் சரத்தை (ஒரு பைட்டை இரண்டு எழுத்தாக எழுதும் வடிவம்) பைட்டாக மாற்றாமல் கொடுத்தால் முதல் 32 எழுத்தைத்தான் எடுக்கும். 256 பிட் என்று நினைத்தது 128 ஆகிவிடும். அடுத்தது, திறக்கும்போது டேக்கின் நீளத்தை அது சரிபார்க்காது. சரியாக 16 பைட்தானா என்று நீங்களே பாருங்கள்.

நான்ஸ் மட்டும் ஒரே கீயில் இரண்டாம் முறை வரக்கூடாது. வந்தால் இரண்டு வெளியீடுகளை எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் 1 போடும் கணக்கு) செய்தாலே இரண்டு மூலங்களின் எக்ஸார் கிடைக்கும். அதில் ஓர் ஆதார் எண் திருடுகிறவருடையதே என்றால் மற்றது கையில். டேக்கைப் போலியாகச் செய்யவும் வழி திறக்கும்.

கணக்குப்பெட்டி:
சரி, தேடல்? பான் எண்ணின் எஸ்எச்ஏ-256 ஹேஷை (திருப்பி மூலமாக்க முடியாத ரேகை) தனி ஃபீல்டில் வைத்தால் போதுமா?

பூட்டும்சாவியும்:
வெறும் ஹேஷ் கூடாது. ஆதாரின் முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. மிஞ்சுவது 8,000 கோடி வாய்ப்புகள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு கோடி எஸ்எச்ஏ-256 போடும். ஒரு நிமிடத்துக்குள் பட்டியல் முழுவதும் தீர்ந்துவிடும். பானும் அதே கதைதான்.

எச்மாக்-எஸ்எச்ஏ-256 (கீ சேர்த்துப் போடும் ஹேஷ்) போடுங்கள், அதற்கென்று தனிக் கீயோடு. 32 பைட் பைனரி ஃபீல்ட், இண்டெக்ஸ். போடும் முன் இடைவெளிகளை நீக்கி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குங்கள். இல்லையென்றால் இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லும். பாதி எண்ணை வைத்துத் தேட இதில் வழியில்லை.

எட்டாம்பிட்:
ஒப்புக்கொள்ள வேண்டியது: எச்மாக்கும் ‘இவையிரண்டும் ஒன்று’ என்பதைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். தேட வேண்டிய ஃபீல்டுக்கு மட்டும் போடுங்கள். பானுக்குச் சரி, வங்கிக் கணக்குக்கு எதற்கு? ஆதார் முழு எண் உண்மையிலேயே வேண்டுமா என்றும் கேளுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதுமென்றால் அந்த ஃபீல்டையே எடுத்துவிடலாம்.

கணக்குப்பெட்டி:
கீ இப்போது கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. பழைய தரவை எப்படி மாற்றுவது?

பூட்டும்சாவியும்:
அந்தக் கீ கிட்-டிலும் (நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் இடம்) இருக்கும், இரவு பேக்கப்பிலும் இருக்கும். அதாவது பூட்டும் சாவியும் ஒரே பையில். அதைக் கைவிடுங்கள். 32 பைட் சமவாய்ப்பு எண்ணாகப் புதுக் கீ உருவாக்கி, அதை கேஎம்எஸ்-ஸில் (கீகளைத் தனியாகக் காக்கும் சேவை) உள்ள மாஸ்டர் கீயால் பூட்டி வையுங்கள். கேஎம்எஸ் இல்லையென்றால், குறைந்தபட்சம் பேக்கப்பில் சேராத, அந்த ஒரு சர்வீஸ் மட்டும் படிக்கும் ஃபைல். கீயின் நகல் வேறு இரண்டு இடங்களில் இருக்கட்டும், தொலைந்தால் 40,000 பேர் தரவும் போச்சு.

மாற்றும்போது பழைய ஃபீல்டைத் தொடாமல் புது ஃபீல்ட் சேர்த்து, புதுப் பதிவுகளை இரண்டிலும் எழுதுங்கள். பழையவற்றை 500, 500 ஆக மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே பழையதை நீக்குங்கள். அதன் பின்னும் பழைய டம்ப்களும் லாக்களும் பழைய கீயோடு எங்காவது கிடக்கும். டெவலப்பர் லேப்டாப்களிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.