தங்கையின் அரங்கேற்றம்: குடும்பக் குழு

அம்மா: மண்டபத்தை இந்த வாரமாவது முடிவு செய்ய வேண்டும். குரு நாள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா: கிழக்கு லண்டனில் ஹொக்ஸ்டன் தெருவில் உள்ள ஹொக்ஸ்டன் ஹாலை நான் முன்மொழிகிறேன். 1863இல், மக்கள் குடித்தபடியே பாட்டும் கூத்தும் பார்க்கும் இசைக்கூடமாக (மியூசிக் ஹால்) திறக்கப்பட்ட கட்டடம் அது. வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் இரண்டடுக்கு மாடங்கள் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கின்றன. மேடை நன்றாக உயர்ந்திருப்பதால் பின்வரிசையில் இருப்பவருக்கும் பிள்ளையின் பாதங்கள் தெரியும்.

மாமி: காரை எங்கே நிறுத்துவது?

சின்ன மாமா: சென்ற முறையும் பெரியத்தான்தான் மண்டபம் தேடினார்.

பெரியப்பா: அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அக்கா: தொடர்பு உண்டு, பெரியப்பா. என் அரங்கேற்றத்தில் தில்லானா தொடங்குமுன்பே காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார்.

பெரியப்பா: அந்தத் தெருவின் பெருமையை அறிந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். அங்கேதான் பிரிட்டானியா அரங்கம் இருந்தது. 1841இல் ஒரு மதுவிடுதியோடு சேர்ந்த கூடமாகத் தொடங்கி, 1858இல் பேரரங்காகக் கட்டி எழுப்பப்பட்டது. 1860இல் அங்கே சென்று நாடகம் பார்த்த நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், அதன் மேடையை மிலானின் புகழ்பெற்ற ஓபரா அரங்கான லா ஸ்காலாவுக்கு இணையாக வைத்து எழுதினார். கணவர் இறந்த 1871 முதல் தாம் இறந்த 1899 வரை சாரா லேன் என்ற பெண்மணியே அதை நடத்தினார். ஹொக்ஸ்டனின் அரசி என்றே அவரை அழைத்தார்கள்.

மாமி: அவர் தனியாக ஓர் அரங்கத்தையே நடத்தியிருக்கிறார். இங்கே ஒரு நாள் வாடகைக்கு மண்டபம் பிடிக்க இத்தனை ஆண்கள் கூடியும் முடியவில்லை.

சித்தி: சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

பெரியப்பா: நல்ல கேள்வி. பிரிட்டானியாவில் இடைவேளையில் விற்ற சாண்ட்விச்சையும் டிக்கன்ஸ் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.

அம்மா: அத்தான், சாண்ட்விச் கொடுத்தால் பெரிய மச்சாள் ஆயுள் முழுவதும் சொல்லிக் காட்டுவார். வடையும் ரோல்ஸும் இல்லாமல் நான் எவரையும் அழைக்கமாட்டேன்.

நான்: பிரிட்டானியா இப்போதும் இருக்கிறதா, பெரியப்பா?

பெரியப்பா: இல்லை, தம்பி. திரைப்படக் கூடமாக மாறிய பிறகு 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. ஷோர்டிச்சின் லண்டன் மியூசிக் ஹால் 1930களில் இடிக்கப்பட்டது. கமர்ஷியல் தெருவின் ராயல் கேம்பிரிட்ஜ் இசைக்கூடம் 1896இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1936இல் பக்கத்துப் புகையிலைத் தொழிற்சாலையை விரிவாக்குவதற்காகத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆனால் குண்டையும் சினிமாவையும் மட்டும் குறை சொல்ல நான் உடன்படமாட்டேன். 1878இல் வந்த தீப்பாதுகாப்புச் சட்டம் கேட்ட மாற்றங்களுக்குச் செலவழிக்க இயலாமல், விக்டோரியா அரசி உயிரோடிருந்த காலத்திலேயே சிறிய இசைக்கூடங்கள் பல மூடிக்கொண்டன.

சின்ன மாமா: ஹொக்ஸ்டன் ஹாலில் மது பரிமாறலாமா?

மாமி: இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா: கேள்வி வரலாற்றைத் தொடுகிறது, ஆகவே விளக்குகிறேன். 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடகம் போடும் அரங்கில் பார்வையாளர் அமரும் இடத்தில் மது விற்கக் கூடாது. மது விற்கும் கூடத்தில் நாடகம் போடக் கூடாது. பாட்டும் கூத்தும் குடியும் கலந்த இசைக்கூடங்கள் இதனால்தான் தனி இனமாகப் பெருகின. ஹொக்ஸ்டன் ஹால் காவல்துறையின் முறைப்பாட்டால் 1871இல் உரிமத்தை இழந்தது. 1879இல் அதை மதுவிலக்கு இயக்கத்துக்காக வாங்கினார்கள். ஒயிட்சாப்பலுக்குத் தெற்கே இருக்கும் வில்டன்ஸ் இசைக்கூடமும் 1888இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையாரின் கைக்குப் போனது. இசைக்கூடங்களைப் பாவத்தின் இருப்பிடம் என்று பிரசங்கித்தவர்களே அவற்றில் இரண்டைத் தங்களை அறியாமல் நமக்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது என் துணிபு.

சின்ன மாமா: அப்படியானால் அந்த மண்டபம் எனக்கு ஒத்துவராது.

மாமி: எனக்கு இப்போதுதான் பிடிக்கத் தொடங்குகிறது. சித்தியின் மகள் கலியாணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சித்தி: அதை இங்கே எழுத வேண்டாம். பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பெரியப்பா: இன்னொன்று. 1870இல் ஹொக்ஸ்டனில் பிறந்து, இசைக்கூட உலகையே ஆண்ட பாடகி மேரி லாயிட், சிட்டி ரோட்டில் ஈகிள் விடுதியைச் சேர்ந்த அரங்கில் 1885இல் முதன்முதலாக மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 15. நம் பிள்ளைக்கும் அதே வயது.

அம்மா: அவருடைய தாயார் 400 பேருக்கு அழைப்பிதழ் அடித்திருக்கமாட்டார், அத்தான்.

அக்கா: 400 பேரை அழைத்தால் அந்த மாடங்கள் தாங்குமா?

பெரியப்பா: பட்டியலைக் குறைக்கலாம்.

அம்மா: எந்தப் பக்கத்து ஆட்களைக் குறைப்பது?

(நெடுநேரம் எவரும் எழுதவில்லை.)

சித்தப்பா: சனிக்கிழமை நானும் தம்பியும் நேரில் போய்ப் பார்க்கிறோம். பாடகர், மிருதங்கம், வயலின் எல்லாம் ஒரு பக்கம் அமர்ந்த பிறகு ஆடுவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நாடா வைத்து அளக்க வேண்டும். வாடகையையும் கேட்கிறோம்.

பெரியப்பா: நானும் வருகிறேன். பிரிட்டானியா நின்ற இடத்தையும் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

சித்தப்பா: முதலில் மேடையை அளப்போம், அண்ணா.

அம்மா: குருவை ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொல்கிறேன். அதற்கிடையில் ஈஸ்ட் ஹாமில் பார்த்த மண்டபத்தை வேண்டாம் என்று எவரும் சொல்லிவிடாதீர்கள்.