70 சதவீதத்துக்குப் பகடை ஒத்துவருமா?

மாறிலி:
கூடைப்பந்து வீராங்கனை ஒருவர் 60 ஃப்ரீ த்ரோ எறிந்து 42 போட்டிருக்கிறார். பட்டறி நிகழ்தகவு, அதாவது நடந்ததை எண்ணிக் கண்ட வாய்ப்பு, 0.7. அடுத்த 5 எறிதல்களில் குறைந்தது 4 விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை சிமுலேஷன் மூலம், அதாவது எறிதலைப் போலச் செய்து பார்த்து, காண வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பகடை. 1 முதல் 4 வரை கூடை. 5, 6 தவறு. 0.67 என்பது 0.7-க்குப் பக்கம்தானே?

பத்துச்சீட்டு:
பக்கம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.7 என்றால் விடை 0.528. உங்கள் பகடைக்கு 112/243, அதாவது 0.461. ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ். பத்துச் சீட்டில் ஏழுக்குப் புள்ளி வைத்துக் குலுக்கி எடுங்கள்.

ஆறுமுகம்:
அந்த 0.7 மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? 60 எறிதலுக்குத் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் விடை வழக்கமாக விலகும் அளவு, ஏறக்குறைய 0.06. அவருடைய உண்மையான திறன் 0.64 ஆகவும் இருக்கலாம், 0.76 ஆகவும் இருக்கலாம். இரண்டு பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் 40/60. அச்சு அசலாக என் பகடை!

பத்துச்சீட்டு:
அளவையில் வரும் பிழை எந்தப் பக்கமும் சாயும். பகடை கொடுக்கும் பிழை, தரவு சொன்ன எண்ணிலிருந்து எப்போதும் கீழேதான் இழுக்கும். ஆயிரம் முறை உருட்டினாலும் அது தீராது. தெரிந்தே ஏன் சேர்க்க வேண்டும்?

மாறிலி:
சீட்டு முறையில் 20 சுற்று செய்தேன். 9 சுற்றில்தான் நான்கோ ஐந்தோ விழுந்தது. 0.45!

ஆறுமுகம்:
பகடை வென்றது. நன்றி, வணக்கம்.

பத்துச்சீட்டு:
அவசரப்படாதீர்கள், ஐயா. 20 சுற்றில் திட்டப்பிழையே 0.11. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் நாணயத்தை 24,000 முறை சுண்டித்தான் 12,012 தலை என்று அவ்வளவு நெருக்கமாகக் கண்டார். அது கிடக்கட்டும். மாறிலி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டீர்களா?

மாறிலி:
இல்லையே, ஐந்தையும் ஒன்றாக அள்ளினேன்.

பத்துச்சீட்டு:
அப்படியானால் வேறொரு விளையாட்டை ஆடியிருக்கிறீர்கள். திரும்பப் போடாவிட்டால் விடை 126/252, சரியாக 0.5. மூன்று தவறுகள் தீர்ந்ததும் மீதியெல்லாம் கூடை என்று எந்த வீராங்கனைக்கும் வரம் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள்.

ஆறுமுகம்:
அதிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒரு எறிதல் முந்தையதைச் சாராது என்பது. களைப்பு, பதற்றம் எதற்கும் சீட்டில் இடமில்லை.

பத்துச்சீட்டு:
ஒப்புக்கொள்கிறேன். 60 எறிதல்களையும் வரிசையாகக் குறித்திருந்தால், தவறிய உடனே அடுத்தது எத்தனை முறை விழுந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

மாறிலி:
வரிசை இருக்கிறது. 18 தவறுகளுக்குப் பின் 12 முறை விழுந்திருக்கிறது.

பத்துச்சீட்டு:
0.7 வீதம் 12.6 எதிர்பார்க்கலாம். சார்பு இருப்பதாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஆறுமுகம்:
சரி, 0.7 ஆகவே இருக்கட்டும். ஆனால் பகடையை விடமாட்டேன். கூடவே ஒரு நாணயம். பகடையில் 6 விழுந்தால் இரண்டையும் மறுபடி போடுங்கள். தலை விழுந்தால் 1 முதல் 5 வரை எல்லாமே கூடை. பூ விழுந்தால் 1, 2 மட்டும். சமமான பத்தில் ஏழு. சீட்டு கிழிக்கும் வேலையும் மிச்சம்.

மாறிலி:
நாணயம் இருக்கிறது. 200 சுற்று போட்டுவிட்டு வருகிறேன்.