காணிக்கைப் பையிலிருந்து வங்கிவரை: சபைக் கணக்கு பார்க்கிறவர்கள் சொல்வது

எண்ணும் குழுவில் இருப்பவர்:

காணிக்கையில் குழப்பம் வருவது பெரும்பாலும் கூட்டலில் இல்லை. ஆராதனை முடிந்து பை மேசைக்கு வந்துசேருகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான். எல்லோரும் வாசலில் பேசிக்கொண்டிருப்பார்கள், பை ஓர் அறையில் தனியாகக் கிடக்கும். பையை இரண்டு பேர் சேர்ந்தே எடுத்துப் போக வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது. கணவனும் மனைவியும் எவ்வளவு நல்லவர்களானாலும், சாட்சி என்று வரும்போது ஒரே ஆள் கணக்குதான். "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். யூதாவின் ராஜா யோவாஸ் காலத்தில் ஆலயப் பெட்டி நிறைந்தபோது பிரதான ஆசாரியனைத் தனியாக எண்ண விடவில்லை, ராஜாவின் சம்பிரதியும் (கணக்கு எழுதுகிறவன்) கூட வந்தான்.

எண்ணும்போது, ஒவ்வொருவருக்கும் எண் போட்டுக் கொடுத்த காணிக்கைக் கவர்களையும் உதிரிப் பணத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். கவரின்மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் பொருந்தாவிட்டால், எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, உள்ளதை எழுதி, இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். காலி கவரைக் கிழிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புது நோட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் எண்ணிய தொகையைச் சொல்லாமல் மற்றவரிடம் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுத்தால் இரண்டாவது ஆள் எண்ணமாட்டார், தலையாட்டுவார். நோட்டு வகைவாரியாக எழுதிய தாளில் இருவர் கையெழுத்து, இரண்டு பிரதி. ஒன்று பொருளாளருக்கு, மற்றது வங்கிக்குப் போகாத ஒருவருக்கு.

பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்:

மேலே சகோதரர் சொன்ன தாளுக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: அதில் உள்ள தொகை ஒரு பைசா குறையாமல் வங்கிச் சலானில் வர வேண்டும். "மைக் செட்டுக்காரர் நிற்கிறார், பையிலிருந்தே கொடுத்துவிடலாம்" என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. கொடுத்தது நியாயமான செலவாகவே இருக்கும். ஆனால் தாளில் ஒரு தொகை, சலானில் ஒரு தொகை. ஆறு மாதம் கழித்து அந்த வித்தியாசத்துக்குக் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. சில்லறைச் செலவுக்கு வங்கியிலிருந்து எடுத்த முன்பணம் தனியாக இருக்கட்டும், ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர்.

கட்டட நிதி, மிஷனெரி காணிக்கை, ஏழைகள் நிதி எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தாலும் பேரேட்டில் தனித்தனிப் பத்தியாக இருக்க வேண்டும். வங்கியில் இருப்பு நிறையத் தெரியும், ஆனால் அதில் முக்கால்வாசி கட்டடத்துக்கு வந்ததாக இருக்கும். அதைப் பார்க்காமல் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் அதிலிருந்து கொடுத்துவிட்டு, கூரை போடும் நாளில் கையைப் பிசைவார்கள். சிறப்புக் காணிக்கை அறிவிக்கும்போதே "தேவைக்கு மேல் வந்தால் பொது நிதிக்குப் போகும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பின்னால் கமிட்டியில் சண்டை வராது.

மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாதீர்கள். ஐந்து ஞாயிறு வரும் மாதத்துக்குப் பிறகு நான்கு ஞாயிறு மாதம் வந்தால் காணிக்கை விழுந்துவிட்டதாகத் தோன்றும். வாரச் சராசரியைப் பாருங்கள். கவர் அச்சடிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: 2023-ல் 53 ஞாயிறு வந்தது, 2028-லும் வரும். வாரத்துக்கு ஒன்றாக 52 கவர் கொண்ட கட்டு கடைசி வாரம் கைவிட்டுவிடும்.

ஆன்லைன் காணிக்கை பார்ப்பவர்:

கவரில் எண் இருக்கிறது, யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வங்கிப் பரிமாற்றத்தில் மகன் கணக்கிலிருந்து அம்மாவின் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) வரும், குறிப்பு காலியாக இருக்கும். ஊகித்து ஒரு பெயரில் எழுதாதீர்கள். "விவரம் தெரியாதவை" என்று ஒரு தலைப்பில் வைத்து, மாதம் ஒருமுறை தேதியையும் தொகையையும் வைத்துக் கேட்டுத் தீருங்கள். எந்த நிதிக்கு என்று குறிப்பில் எழுத நான்கைந்து குறுஞ்சொல் மட்டும் அறிவியுங்கள். பத்துக்கு மேல் போனால் யாரும் எழுதமாட்டார்கள்.

இடையில் கட்டணம் பிடிக்கும் சேவையானால், ஒருவர் 100 கொடுத்து 98 மட்டும் வந்து சேரும். வரவு 100, கட்டணச் செலவு 2 என்று எழுத வேண்டும். 98 என்று எழுதினால் ஆண்டு இறுதியில் அவர் கையிலிருக்கும் கணக்கும் உங்கள் ரசீதும் முட்டும். பணம் இரண்டு மூன்று நாள் தாமதமாக வருவதால் டிசம்பர் கடைசியில் கொடுத்தது ஜனவரியில் ஏறும். கொடுத்த தேதி, வந்த தேதி இரண்டையும் குறியுங்கள்.

மாதாமாதம் தானாகப் போகிற காணிக்கை நின்றுபோனால் பெரும்பாலும் மனம் மாறியதால் அல்ல, கார்டு காலாவதி ஆகியிருக்கும். கொடுத்தவருக்கே தெரியாது. நின்றவர்கள் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, "கார்டு தேதியைப் பாருங்கள்" என்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள். கியூஆர் அட்டை சபையின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும், போதகர் பெயரிலோ பொருளாளர் பெயரிலோ ஒருநாளும் வேண்டாம். ஆராதனைக்கு முன் ஸ்கேன் செய்து பெயர் சரியா என்று பார்ப்பதும் வழக்கமாகட்டும், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் உண்டு.

எண்ணும் குழுவில் இருப்பவர்:

ஒன்று விட்டுப்போயிற்று. கவர் எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் எண்ணுகிறவர்கள் கையில் இருக்கவே கூடாது. எங்களுக்கு எண் போதும். பட்டியல் ரசீது எழுதும் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அடித்துத் திருத்திய கவர்களை ஆண்டு ரசீது கொடுத்து, ஆட்சேபணைக்கான நாள் கடக்கும்வரை தூக்கிப் போடாதீர்கள்.